நஷ்டத்தில் சரிபாதி

காலணி கழுவும் இயந்திரங்கள் மூன்றும் வீட்டின் கூடத்தை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். முகப்பில் வட்டக் கண்ணாடிக் கதவு. உள்ளே நாற்புறமும் தூரிகைகள். விருந்தினர் வந்தால் உட்கார இடமில்லை. ஆயினும் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை. கடன் வாங்கிய குடும்பம் என்று தெரிந்தபின் எந்த விருந்தினரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இவை அவளுடைய கணவரின் யோசனை. மின்தூக்கி பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். பெயரெடுத்ததோடு நின்றிருக்கலாம். உடன் வேலை செய்பவர்கள் அவரை ‘யோசனைக்காரர்’ என்று அழைத்தனர்; அதில் இருந்த கேலி அவர் ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை. மின்தூக்கிக்குள் ஏறுகிற எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், குனிந்து தத்தம் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அவர் ஒருநாள் கவனித்தார். இத்தனை பேர் பார்க்கிற பொருள் அழுக்காக இருக்கலாமா என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு ஒரு வங்கி கடனும் கொடுத்தது.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். ஒரு ஜோடிக்குத் தண்ணீர் எவ்வளவு, சோப்பு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எதையும் விடவில்லை. கழுவி உலரும்வரை அந்தக் காலணிக்கு உரியவர் எதைப் போட்டுக்கொண்டு நடப்பார் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். முதல் வாடிக்கையாளர் கடைக்குள் வெறுங்காலோடு உட்கார்ந்து, “நான் எப்படிங்க வேலைக்குப் போறது?” என்று கேட்டபோதுதான் அது அவருக்கு உறைத்தது. அதற்கும் ஒரு யோசனை உடனே பிறந்தது. இரவல் செருப்பு கொடுத்து அனுப்பினார். இரவல் செருப்போடு போனவர்கள் போனவர்களே. அவர்கள் விட்டுச்சென்ற பிய்ந்த செருப்புகள் கடைக்குள் குவிந்தன. புதுச் செருப்பு இலவசமாகக் கிடைக்கிற இடம் என்று கடைக்குப் பெயர் பரவியது. அந்த ஒரு மாதந்தான் கடையில் கூட்டம் அலைமோதியது. பிறகு கடையை மூடி, இயந்திரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கடன் பத்திரத்தில் இணைக் கடனாளி என்று அவள் கையெழுத்து இருந்தது. அன்று அவள் தயங்கத்தான் செய்தாள். கணவரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், பக்கத்திலேயே நின்று வாயைத் திறந்தார்.

“கட்டின புருஷன் முன்னுக்கு வர ஒரு கையெழுத்துக் கேட்டா, கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிற பொண்டாட்டிய நான் எங்கேயும் பார்த்ததில்லம்மா.”

அவள் கையை ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அவள் பல் செட் செய்பவள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையைச் செய்து, மெழுகில் ஈறு வடித்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக் கடி பார்ப்பது அவளது தொழில். மேல்வரிசை கீழ்வரிசையோடு எங்கே முட்டுகிறது என்பதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இந்த வேலையில் கிடைக்கும் சம்பளம் முழுவதும் மாதா மாதம் தவணைக்குப் போயிற்று. யோசனைக்காரரின் சம்பளத்தில் வீட்டு வாடகையும் வயிற்றுப்பாடும் நடந்தன.

இருவருக்கும் இடையே சண்டை இல்லை. சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும். உப்புக் கூடியது, குறைந்தது என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“நாம பிரிஞ்சிடலாம்னு தோணுது.”

“தோணட்டும். யார் செலவுல?” என்றாள் அவள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். அவள் வேலை பார்க்கும் பல் லேப்பின் முதலாளியம்மா வேறொரு பேச்சை எடுத்ததால் முடியவில்லை. முதலாளியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. மகளோடு போய்த் தங்கிவிட முடிவு செய்திருந்தார்.

“இந்த லேப்ப நீயே எடுத்துக்க. வர்ற வருமானத்துல கொஞ்சங் கொஞ்சமாக் கொடு, போதும். ஆனா பல் சுடற உலை வாடகைக் கம்பெனியோடது. உன் பேர்ல பழைய கடன் எதுவும் இருக்கக் கூடாதுங்கிறான். கூட்டுக் கடன்கூட ஆகாதாம்.”

“இருக்கேம்மா.”

“தெரியும். அதனாலதான் வருஷக் கடைசிவரைக்கும் பொறுக்கிறேன். அதுக்கு மேல முடியாது. பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் தினம் போன் பண்றான். அவன் எடுத்தா மெஷின வச்சே பல்லு செஞ்சிடுவான், உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவான்.”

இத்தனை ஆண்டுகளில் அவளுக்கென்று ஒருவர் நீட்டிய முதல் பொருள் அந்த லேப். ஜன்னலோர மேசை, மெழுகு உருக்கும் விளக்கு, தன் பெயரிலேயே மருத்துவர்கள் அனுப்பப்போகும் அச்சுகள் எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. அவற்றுக்கும் அவளுக்கும் நடுவே காலணி கழுவும் இயந்திரங்கள் மூன்றும் நின்றன.

கணவனும் மனைவியும் முதலில் வழக்கறிஞரிடம் போனார்கள். முதல் ஆலோசனை இலவசம் என்று பலகையில் எழுதியிருந்தது. இலவசமாகக் கிடைத்தது இவ்வளவுதான்:

“விவாகரத்து வாங்கித் தரேன், கஷ்டமே இல்ல. ஆனா அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். கோர்ட்டு உங்க ரெண்டு பேரையுந்தான் பிரிக்கும், கடனப் பிரிக்காது. பேங்க்கப் பொறுத்தவரைக்கும் கடன் தீர்ற வரைக்கும் நீங்க தம்பதிதான்.”

“சரிங்க, உங்க பீஸ்?” என்று யோசனைக்காரர் கேட்டார்.

வழக்கறிஞர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பார்த்த இருவரும் திருமணத்திற்குப் பிறகு முதன்முறையாக ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டனர்.

“மொத்தமாக் கட்ட முடியலைன்னா தவணையில கட்டலாம்,” என்று வழக்கறிஞர் ஆறுதல் கூறினார். “அம்மா பேர்ல எழுதிக்குவோம். ஜாமீனுக்குக் கணவர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

ஒருவரை விட்டு ஒருவர் விலகுவதற்கு ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பதை அந்த மனிதர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். படித்தவர்கள் இப்படிப் பேசும்போது கேட்பவர்கள் தங்களுக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் அப்படி நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

அடுத்து வங்கி. கடன் பிரிவு அதிகாரி இளைஞர். மேல்வரிசைப் பல் சற்றே முன்தள்ளியிருந்ததால், எதைச் சொன்னாலும் புன்னகையோடு சொல்வதுபோல் இருந்தது.

“உங்க பேர எடுக்கலாம் மேடம். உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் வரணும், அவ்வளவுதான். உங்க கணவருக்கு ரத்த உறவா இருக்கணும். சொந்தமா வீடு வாசல் இருக்கணும், தவணை நின்னா அதுதான் ஈடு. வர்றவங்களுக்கு மெஷின்லயும் தொழில்லயும் பாதிப் பங்கு வந்துடும்.”

“தொழில மூடியாச்சே சார்.”

“அப்படியா?” என்று அவர் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். “இதுல நடக்கிறதாத்தான் இருக்கு.”

ரத்த உறவும் சொந்த வீடும் ஒருசேர அமைந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்.

நாத்தனாரின் வீடு மாடி வீடு. மேலே இரண்டு குடித்தனங்கள் வாடகை கொடுத்தன. கீழே தனியாக இருந்துகொண்டு அவர்கள் குழாயைத் திறக்கிற ஓசையைக்கூட அவர் எண்ணிக்கொண்டிருப்பார். கடைவாய்ப் பல் இரண்டு விழுந்துவிட்டன. ஆயினும் மெல்லாமல் எதையும் விடுகிறவர் அல்லர். தம்பி மனைவி என்ன சொன்னாலும் அதன் எதிர்ப்பக்கந்தான் உண்மை என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு. அவள் தலைவலி என்றால் வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள் என்று பொருள். பசியில்லை என்றால் எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்றுவிட்டாள் என்று பொருள்.

“வாம்மா வா. என்ன, வழி தவறி வந்துட்டியா?”

“இல்ல அண்ணி, ஒரு விஷயம் பேசணும்.”

“உட்கார்ந்தே பேசு. நாற்காலிக்கெல்லாம் நான் வாடகை கேக்கிறதில்ல.”

அவள் எதையும் மறைக்கவில்லை. வங்கியில் சொன்னதைச் சொன்னாள். பிறகு, “கேக்கிறதுக்கே எனக்குக் கூசுது அண்ணி. முடியாதுன்னு நீங்க சொன்னா வருத்தப்பட மாட்டேன். அந்தத் தொழில்ல பத்துக் காசு லாபம் கிடையாது. முழுக்க நஷ்டம்,” என்றாள்.

நாத்தனார் தம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முழுக்க நஷ்டம்?”

“ஆமா அண்ணி.”

“தவணை எத்தனை பாக்கி?”

“பாக்கி இல்ல. ஒண்ணுகூடத் தவறினதில்ல.”

“ஒண்ணுகூடத் தவறினதில்ல,” என்று நாத்தனார் அந்தச் சொற்களை வாயில் போட்டுக் குதப்பினார். “முழுக்க நஷ்டம், ஆனா தவணை மட்டும் மணி அடிச்ச மாதிரி போகுது. எங்கேயிருந்தும்மா போகுது?”

“என் சம்பளத்துல இருந்து.”

“பல்லு செய்யறதுலயா? ஏன், ஊர்ல எல்லாரும் பொக்கை வாயோடவா திரியறாங்க?” நாத்தனார் தன் நகைச்சுவையைத் தாமே ரசித்துச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் குரல் தாழ்ந்தது. “பேங்க்காரன் விவரம் இல்லாதவனா? லாபம் இல்லாத இடத்துல அவன் காலடி எடுத்து வைப்பானா? எம் தம்பி வெகுளி. அவன்கிட்ட உண்மையக் கேட்டா மெதுவா வளருதுக்கான்னு சொல்றான். நீ மட்டும் நஷ்டம் நஷ்டம்னு அடிச்சுக்கிற. ஏன்?”

“நஷ்டங்கிறதால அண்ணி.”

“சரி சரி, போயிட்டு வா.”

காரியம் கெட்டது என்று எண்ணிக்கொண்டுதான் அவள் வீடு திரும்பினாள். நாத்தனார் ஏன் அத்தனை கேள்வி கேட்டார் என்பது அடுத்த விடுமுறை நாளன்று புரிந்தது. அன்று அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டாமல் விட்டால் மோட்டார் துருப்பிடித்துவிடும் என்று யோசனைக்காரர் மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்தாரிடம் செருப்பைக் கெஞ்சி வாங்கி வந்து கழுவிக் கொடுப்பார். வாசலில் இருந்து சமையலறை வரை ஈரக் காலணிகள் அணிவகுத்திருந்தன. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாத்தனார் நின்றார்.

“யாருமே வர்றதில்லன்னியேம்மா?”

“இதெல்லாம் சும்மா கழுவிக் கொடுக்கிறது அண்ணி. காசு வாங்கிறதில்ல.”

“சும்மாவா? சோப்புப் போட்டு, தண்ணி ஊத்தி, கரண்ட் செலவு பண்ணி, ஊரான் செருப்ப எவனாவது சும்மா கழுவுவானா?”

கேள்வி என்னவோ நியாயமானதுதான். அதற்கு நியாயமான விடை அந்த வீட்டில் இல்லை. நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“டேய், நீ சொல்லு. இந்தத் தொழில் எழுந்திருக்குமா, எழுந்திருக்காதா?”

“எழுந்திருக்கும்க்கா!” என்றார் யோசனைக்காரர். ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், முகம் மலர்ந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. நம்புவது ஒன்றுதான் அவருக்கு முழுமையாகக் கைவந்த தொழில். “ஆஸ்பத்திரிங்கள எல்லாம் பிடிச்சா எங்கேயோ போயிடும்க்கா.”

“அண்ணி, அவர் இப்படித்தான் சொல்லுவாரு. நம்பாதீங்க.”

“பார்த்தியா? பார்த்தியாடா?” நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். “நீ முன்னுக்கு வரப்போறேன்னு சொல்லி வாய் மூடல, நம்பாதீங்கங்கிறா. கூட வாழ்ந்தவ பேச்சா இது? எங்கேடா அந்த பேங்க்கு? நான் போடறேன் கையெழுத்து.”

மறுநாள் அவள் லேப்பில் ஒரு தாடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். முதலாளியம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கடி சரியா வரலையா?”

“வந்திருச்சு.” அவள் நடந்ததைச் சொன்னாள்.

“நீ பொய் ஏதாவது சொன்னியா?”

“இல்ல.”

“எதையாவது மறைச்சியா?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்ன?”

“முதல் தடவ நம்பணும்னு சொன்னேன். ரெண்டாவது தடவ, நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சே சொன்னேன். ரெண்டு தடவையும் ஒரே வார்த்தைதான்.”

முதலாளியம்மா மங்கிய கண்ணால் அவளைப் பார்த்தார். “உன் நாத்தனார் உனக்கு என்ன பண்ணியிருக்காங்கன்னு நினைச்சுப் பாரு. பண்ணினதுக்கு இது சரிதான்.”

“சரியாத்தான் இருக்கும். அந்த வீட்டு வாடகையிலதான் அவங்க சாப்பிடறாங்க.”

“வருஷக் கடைசி வந்துட்டு இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளியம்மா எழுந்து போனார்.

வங்கிக்குப் போகிற அன்று அவள் ஒரு முடிவோடு போனாள். இந்த முறை நம்பும்படி சொல்லிவிடுவது. நாத்தனார் அவளை நம்ப மாட்டார். ஆனால் வங்கியை நம்புவார். வங்கியே வாய் திறந்து சொல்லட்டும். அதன்பிறகு லேப் போனால் போகட்டும்.

அதிகாரியின் மேசைக்கு முன் நாற்காலிகள் இரண்டுதான் இருந்தன. ஒன்றில் நாத்தனார் அமர்ந்தார். மற்றொன்றில் தம்பியை அமர்த்தினார். அவள் நின்றாள்.

“சார், அண்ணி கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “இந்தத் தொழில்ல லாபம் இருக்கா, இல்லையா? கடை மூடி இவ்வளவு நாளாச்சு. நீங்க வேணும்னா வந்து பாருங்க. தவணைப் பணம் என் சம்பளக் கணக்குல இருந்துதான் வருது. அதையாவது சொல்லுங்க சார்.”

அதிகாரி வழக்கமான புன்னகையோடு அவளைப் பார்த்தார்.

“லாப நஷ்டத்தப் பத்தி பேங்க் கருத்துச் சொல்லக் கூடாது மேடம். அது எங்க விதி. உங்க கணக்கு விவரத்த மத்தவங்க முன்னால சொல்லவும் கூடாது.”

“நானே சொல்லச் சொல்றேனே சார்!”

“எழுத்துல கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்பறேன். இப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். தவணை ஒழுங்கா வந்திருக்கு. இந்தக் கிளையிலேயே இவ்வளவு நல்ல கணக்கு இன்னொண்ணு இல்ல.”

நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்டுக்கணக்காக அவள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலுத்திய பணம், நாத்தனாரின் முகத்தில் மகிழ்ச்சியாகப் பூத்தது.

“கேட்டுக்கிட்டியா?”

“அண்ணி, சத்தியமாச் சொல்றேன், வேண்டாம். உங்க வீடு போயிடும்.”

“என் வீட்டுமேல உனக்கு எப்பத்திலிருந்தும்மா இவ்வளவு அக்கறை?” என்றார் நாத்தனார். அக்கறை உண்மையில் நேற்றிலிருந்துதான் வந்திருந்தது.

அதிகாரி ஒரு தாளை எடுத்து, விதிப்படி உரக்கப் படித்தார். இயந்திரங்களிலும், தொழிலிலும், அதனால் இனி வரக்கூடிய வருவாயிலும் தனக்குள்ள பாதிப் பங்கை எவருடைய வற்புறுத்தலும் இன்றி மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக அவள் வாய்மொழியாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

“விட்டுக்கொடுக்கிறீங்களா மேடம்?”

அவள் வாயைத் திறந்தாள். யோசனைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாவம், அவரும் கலங்கித்தான் இருந்தார். கடை திறந்த அன்று முதல் இயந்திரத்தில் முதல் ஜோடியாக அவளுடைய செருப்பைப் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அவள் காலடியில் அவர் குனிந்து வைத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவர் முகம் இருந்த இருப்பு! அவள் கண்ணில் நீர் கோத்து, துடைப்பதற்குள் கன்னத்தில் வழிந்தது.

நாத்தனார் அதைப் பார்த்தார். ஒருத்தி கையை விட்டுப் பெரும்பொருள் போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“அழுது பிரயோசனம் இல்ல. சீக்கிரம் சொல்லு,” என்றார்.

“விட்டுக்கொடுக்கிறேன்.”

அதிகாரி தாளை மேசையில் திருப்பி வைக்கும் முன்பே நாத்தனார் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை உருவிவிட்டார். காட்டிய இடங்களில் எல்லாம் போட்டார். காட்டாத ஓர் இடத்திலும் போட்டார். பெயர் நீக்கக் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டியிருந்தது. அதை அவள் கட்டினாள்.

வங்கியின் வாசற்படியில் மூவரும் நின்றார்கள். நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“டேய், ஒரு வண்டி பிடி. மெஷின் மூணும் இன்னிக்கே நம்ம வீட்டுக்கு வந்தாகணும். பாதி என்னோடது, கண்ட இடத்துல கிடக்கக் கூடாது. நீயும் உன் துணிமணிய எடுத்துக்கிட்டு வந்துடு. ஓட்ட ஆள் வேணும்ல?” பிறகு, வென்றவர்களுக்கு உரிய பெருந்தன்மையோடு அவள் பக்கம் திரும்பினார். “இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? இப்பவாவது சொல்லும்மா. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி வரும்?”

“ஒண்ணும் வராது அண்ணி.”

“பார்த்தியாடா?” நாத்தனார் தம்பியின் தோளில் தட்டிச் சிரித்தார். “இன்னும் மறைக்கிறா!”

சிரித்துக்கொண்டே அவர் வண்டி தேடித் தெருவில் இறங்கினார். யோசனைக்காரர் இரண்டடி பின்னால் போனவர் நின்றார். நீதிமன்றமும் வழக்கறிஞர் கட்டணமும் இன்றியே ஏதோ ஒன்று நடந்து முடிந்துவிட்டது என்பது அவருக்கும் மெல்லப் புலப்பட்டிருக்க வேண்டும். நெடுநாள் பழக்கத்தில் வாயில் வந்ததைக் கேட்டார்.

“ராத்திரிக்கு என்ன சாப்பாடு?”

“உங்க அக்கா என்ன செய்யறாங்களோ அதுதாங்க,” என்றாள் அவள். சொல்லிவிட்டு லேப் இருக்கும் பக்கம் திரும்பி நடந்தாள்.